ஒன்பது குழிகள், ஐம்பத்து நான்கு அடிகள்

காலை ஐந்து மணி நாற்பது நிமிடம். கேட்டைத் திறந்ததும் முதலில் தெரிந்தது அரக்கு நிறப் பாவு. மூன்று சேலைகளுக்கான நீளவாட்டு இழைகள், எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு மேற்கிலிருந்து தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை, மூங்கில் குச்சிகளின் மேல் இடுப்பு உயரத்துக்கு நீட்டிக் கட்டப்பட்டிருந்தன. மார்கழி மாதம். கோலம் போட்டிருந்த வீடுகள் கோலத்தைச் சுவரோடு ஒட்டிச் சுருக்கிக்கொண்டிருந்தன. ஸ்கூட்டரைப் பாதி வெளியே தள்ளிய நிலையில் நான் நின்றேன். பாவு நீட்டியிருக்கும்போது எங்கள் தெருவில் யாரும் அதைத் தூக்கச் சொல்வதில்லை. காத்திருப்பார்கள்.

"அவசரமா சார்? அரை மணி நேரம் ஆவும்" என்றார் அடுத்த வீட்டுக்காரர். நெசவாளர். ஐம்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் சுவர் ஒன்றுதான்.

"அவசரமில்லை. நீங்க பாருங்க."

"செவ்வாக்கெழம, வெள்ளிக்கெழமன்னா கரெக்டா இந்த மூட்டையத் தூக்கிக்கினு கெளம்பிடறீங்க. உள்ள இன்னாதான் இருக்குது?"

"கோல்ஃப் மட்டை."

"காலைல மாடில டங்கு டங்குனு ஒரு சத்தம் வருதே, அதுவும் இதுதானா?"

"அதுவும் இதுதான். தொந்தரவா இருக்கா?"

"இன்னா தொந்தரவு. தறி ஓட ஆரம்பிச்சா இடி விழுந்தாக்கூட கேக்காது." அறுந்திருந்த ஓர் இழையை எச்சில் விரலால் முறுக்கிச் சேர்த்துக்கொண்டே சொன்னார்: "முந்தாநேத்து இருபத்தாறு தபா கேட்டுது. நேத்து இருபத்திரெண்டுதான்."

என் குறிப்பேட்டிலும் அந்த எண்கள்தான் இருந்தன.

அன்று நாற்பது நிமிடம் தாமதமாகத்தான் கிளம்பினேன். வாலாஜாபாத்தைத் தாண்டி, தொழிற்சாலைகளின் மதில்கள் தொடங்குவதற்கு முன், ஓர் ஏரியை ஒட்டி அந்த மைதானம் இருக்கிறது. பதினெட்டுக் குழிகள் உள்ள பெரிய மைதானம் அல்ல, ஒன்பதுதான். ஆட்டம் எளிது. பந்தை அடித்து, நடந்து, மறுபடி அடித்து, கடைசியில் புல்லில் இருக்கும் குழிக்குள் உருட்டிவிட வேண்டும். எத்தனை அடி என்று எண்ண வேண்டும். குறைவாக அடித்தவர் நன்றாக ஆடியவர்.

இந்தக் கடைசி விஷயம் எனக்குத் தெரியாமல் இருந்த காலம் உண்டு. முப்பத்தொரு வருடம் நாளிதழில் வேலை பார்த்தேன். அதில் ஆறு வருடம் விளையாட்டுப் பக்கம். அங்கு சேர்ந்த இரண்டாவது வாரம், ஏஜென்சியிலிருந்து வந்த கோல்ஃப் முடிவை நான்கு வரிச் செய்தியாக்கினேன். அதிக எண்ணிக்கை வைத்திருந்தவரை வெற்றி பெற்றவராகப் போட்டேன். மறுநாள் அதே பக்கத்தில் மூன்று வரித் திருத்தம் வந்தது. அதையும் நானே எழுதினேன். அதற்குப் பிறகு அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில நூறு முறை எழுதியிருப்பேன். ஒரு குழியைக்கூட நேரில் பார்த்ததில்லை.

நேரில் பார்த்தது ஓய்வு பெற்று இந்த ஊருக்குத் திரும்பிய பிறகு. பெங்களூரில் இருக்கும் மகளுக்குக் குழந்தை பிறந்தது. மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று என் மனைவி போனாள். மகளுக்கு வேலை, மருமகனுக்கு வேலை, குழந்தைக்குப் பாட்டி பழகிவிட்டாள். இப்போது மூன்றாவது வருடம். குறை சொல்ல எதுவுமில்லை. நானும் அங்கே போய் இருந்து பார்த்தேன். பதினான்காவது மாடி. பதினொரு நாளில் திரும்பிவிட்டேன். தினமும் இரவு எட்டரைக்கு போன் வரும். குழந்தை தான் வரைந்ததைக் காட்டும். மனைவி கேட்பாள், "சாப்டாச்சா?"

"ஆச்சு."

"என்ன?"

"தோசை."

"நேத்தும் தோசைதானே."

பகல்களைச் சமாளித்துவிடலாம். எனக்குக் கடினமாக இருந்தது ஞாயிற்றுக்கிழமை. பத்திரிகையில் என் வார விடுமுறை செவ்வாய். முப்பத்தொரு வருடமும் ஞாயிற்றுக்கிழமை வேலை நாள். மற்றவர்கள் அந்த நாளை என்ன செய்கிறார்கள் என்பதை நான் கற்றுக்கொள்ளவே இல்லை. கற்றுக்கொள்ள நேரம் கிடைத்தபோது வீட்டில் யாரும் இல்லை.

ஊருக்குத் திரும்பிப் போன ஒரு கொரியப் பொறியாளர் தன் பழைய மட்டைகளை மைதானத்தின் பதிவு மேசையில் விற்கச் சொல்லி விட்டுப் போயிருந்தார். ஏழு மட்டைகள், ஒரு பை, இருபத்திரண்டு பந்துகள். வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை இன்னும் சில பந்துகள் வாங்கப் போனபோதுதான் அவர்களைப் பார்த்தேன். எட்டுப் பேர். ஆட்டத்தை முடித்துவிட்டு நிழலில் நாற்காலி போட்டுப் பொங்கல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒருவர் ஏரிக்குள் அடித்த பந்தைப் பற்றிப் பேச்சு. அடித்தவரே அதிகம் சிரித்தார்.

நான் பந்துகளை எண்ணி வாங்கிக்கொண்டு நின்றிருந்தேன். அவர்களில் வயதானவர், வங்கியில் மேலாளராக இருந்தவர், என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஆடுவீங்களா சார்?"

"கத்துக்கிறேன்."

"அட்டை கொடுத்துட்டீங்களா? இல்லியா? கொடுத்துட்டு வாங்க. ஒரு நாற்காலிதானே, போட்டுடலாம்."

அட்டை என்று அவர் சொன்னதைப் பதிவு மேசையில் இருந்த பெண் விளக்கினாள். வாலாஜாபாத்துக்காரி. எதையும் விதித் தாளைப் பார்க்காமல் சொல்ல மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை மைதானம் அந்தக் குழுவுக்கு மட்டும். வேறு யாரும் உள்ளே நடக்கக்கூட முடியாது. குழுவில் சேர ஒரே ஓர் அட்டை போதும். ஒன்பது குழிகளையும் ஐம்பத்து நான்கு அடிகளுக்குள் முடித்திருக்க வேண்டும். அதாவது குழிக்கு ஆறு.

அன்று மாலை புதிய குறிப்பேடு வாங்கினேன். முதல் பக்கத்தில் எழுதினேன்: "ஆறு மாதத்தில் 54." அடியில் இரண்டு கோடு போட்டேன்.

அது உதவி ஆசிரியர்கள் மட்டும் செய்யக்கூடிய தவறு. பக்கத்தை மூட நேரமாகும்போது, செய்தி வருவதற்கு முன்பே தலைப்பை எழுதிவைத்துவிடுவோம். செய்தி வந்ததும் தலைப்புக்கு ஏற்ப அதை வெட்டுவோம். பெரும்பாலும் அது எடுபடும். மைதானத்தில் எடுபடவில்லை. முதல் குழியில் எட்டு அடித்தால், மிச்சமுள்ள எட்டுக் குழிகளுக்கு நாற்பத்தாறுதான் இருக்கிறது என்று மனம் கணக்குப் போடும். அந்தக் கணக்கோடு அடுத்த அடியை அடிப்பேன். பந்து கருவேல மரங்களுக்குள் போகும். ஐந்து மாதம் கழித்து அட்டைகளைப் பார்த்தால் 66, 64, 67, 65. எண் நகரவே இல்லை.

அடித்து முடித்த அட்டைகளை எல்லாம் உணவு மேசையில் பரப்பி வைத்து, பழைய பக்கங்களைப் படிப்பதுபோல் படித்தேன். அடிகள் எங்கே போகின்றன? நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது முதல் அடியைப் பற்றி. தூரமாகப் போக வேண்டும், நேராகப் போக வேண்டும். ஆனால் ஓர் அட்டையில் 65 என்றால், அதில் இருபத்து நான்கு, குழியிலிருந்து பத்தடி தூரத்துக்குள் உருட்டிக்கொண்டிருந்த அடிகள். அதை யாரும் பார்ப்பதில்லை, சத்தமும் இல்லை, அதனால் நானும் பார்க்கவில்லை.

முதல் பக்கத்தைக் கிழித்துப் போட்டேன். 54 என்ற எண்ணை எங்கும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன். அது என் கையில் இல்லாத விஷயம். காற்று, புல், பந்து கிடக்கும் பள்ளம் எல்லாம் சேர்ந்து போடும் எண். என் கையில் இருப்பதை மட்டும் எழுத வேண்டும், இன்றைக்குச் செய்து முடிக்கக்கூடியதாக இருக்க வேண்டும், செய்தேனா இல்லையா என்று மாலையில் சந்தேகமில்லாமல் சொல்ல முடிய வேண்டும். "உருட்டுவதில் முன்னேற வேண்டும்" என்று எழுதினால் அது இலக்கு இல்லை, ஆசை. "மூன்றடி தூரத்திலிருந்து முப்பது பந்து. இருபத்து நான்கு உள்ளே போக வேண்டும்." இது இலக்கு.

கல்யாண மண்டபத்தில் விரிக்கும் பச்சைப் பாய் பத்தடி வாங்கி மாடியில் விரித்தேன். கடைசியில் ஓர் எவர்சில்வர் டம்ளரைப் படுக்கவைத்தேன். பந்து உள்ளே போனால் டங் என்று கேட்கும். வெளியே போனால் எதுவும் கேட்காது. தொடர்ந்து பத்து நாள் இருபத்து நான்கைத் தொடும்வரை வேறெதையும் எழுதக் கூடாது என்று விதி. அந்தப் பத்து நாள் வருவதற்கு ஏழு வாரம் ஆயிற்று. ஒன்பதாம் நாள் இருபத்து மூன்றில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்ததும் உண்டு. அதற்குப் பிறகு இரண்டாவது: மிக நீளமான மட்டையைப் பையிலிருந்து எடுப்பதில்லை. அதை வீட்டிலேயே, குடை மாட்டும் ஆணியில் மாட்டிவிட்டுப் போனேன். மூன்றாவது: மோசமான அடிக்கு அடுத்த அடி, திறந்த புல்லுக்குத் திரும்புவதற்கு மட்டும். அதில் வீரம் காட்டக் கூடாது. மூன்றாவதுதான் மிகக் கடினமாக இருந்தது. இழந்ததை உடனே மீட்க வேண்டும் என்று கை பதறும்.

எண் தானாக இறங்கியது. 61. 60. 58. பாவுக்காக நாற்பது நிமிடம் நின்ற அந்த மார்கழி வெள்ளிக்கிழமை, ஒன்பதாவது குழியில் பந்தை எடுத்துவிட்டு அட்டையைக் கூட்டினேன். 53. மறுபடி கூட்டினேன். கீழிருந்து மேலாகவும் கூட்டினேன். 53. மைதானத்தில் நானும், தூரத்தில் புல் வெட்டும் வண்டியும்தான். ஏரிக்கரையில் ஒரு கொக்கு.

பதிவு மேசையில் அட்டையை வைத்தேன். அந்தப் பெண் எண்ணைப் பார்த்துத் தலையசைத்தாள். பிறகு அட்டையின் அடிப்பகுதியைப் பார்த்தாள்.

"சார், கூட நடந்தவங்க கையெழுத்து?"

"யாரும் கூட வரலம்மா."

விதித் தாளை எடுத்து வாசித்தாள். ஆடுபவருடன் ஒன்பது குழிகளும் நடந்து, அவர் அடித்த அடிகளைத் தனியாக எண்ணி, அட்டையில் ஒருவர் கையெழுத்திட வேண்டும். மைதானத்தின் ஊழியர் கையெழுத்திடக் கூடாது.

"அப்ப இது?"

"இத நீங்களே வெச்சுக்கலாம் சார். ஞாபகத்துக்கு."

அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். "ஐம்பத்து மூணு."

"அப்படின்னா ஜெயிச்சுட்டீங்களா?"

"கூட யாரும் ஆடலையே."

"அப்புறம் எப்படி ஜெயிக்கறது?" என்றாள். குழந்தை போனைப் பிடுங்கிக்கொண்டது.

குறிப்பேட்டில் புதிய பக்கம் எடுத்து, காலையில் இரண்டு மணி நேரம் என்னுடன் நடக்கக்கூடியவர்களின் பெயர்களை எழுதினேன். ஒரு செய்திக்கு யாரிடமெல்லாம் பேச வேண்டும் என்று பட்டியல் போடுவேன் அல்லவா, அதுபோல. பதினொரு பெயர் வந்தது. என்னோடு வேலை பார்த்த புகைப்படக்காரர் சென்னையிலிருந்து, "வெய்யில் காலம் முடியட்டும்பா, கண்டிப்பா வர்றேன்" என்றார். அப்போது தை பிறந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பள்ளியில் என்னோடு படித்தவர், இப்போது ஜவுளிக் கடை வைத்திருப்பவர், "உள்ள கார் வுட முடியுமா? முடியாதா? அப்ப என்னை ஏன்டா கூப்பிடற" என்றார். மைத்துனர் வருவதாகச் சொன்னார். வர வேண்டிய செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு போன் செய்து, இன்னொரு நாள் என்றார். மற்றவர்களை நான் கேட்டது அவர்களுக்கு வியப்பாக இருந்தது. பல வருடம் பேசாத ஒருவன் போன் செய்தால் கடன் கேட்பான், கல்யாணத்துக்கு அழைப்பான். நடக்க வருகிறாயா என்று கேட்க மாட்டான். தை கடைசியில் பட்டியலில் எல்லாப் பெயரும் அடிக்கப்பட்டிருந்தது.

இதற்கிடையில் மாடியில் டம்ளர் சத்தம் நின்றுவிட்டது. நான் நிறுத்தினேன் என்று சொல்ல முடியாது. ஒரு நாள் ஏறவில்லை, மறுநாளும் ஏறவில்லை.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, அடுத்த வீட்டுக்காரர் கேட்டில் வந்து நின்றார். இடுப்புத் துண்டில் பட்டு நூல் துணுக்குகள் ஒட்டியிருந்தன.

"இன்னா சார், ஒடம்புக்கு முடியலியா? சத்தமே காணோம்."

நடந்ததைச் சொன்னேன். அட்டை, கையெழுத்து, ஞாயிற்றுக்கிழமைக் குழு.

"இன்னா பண்ணணும்? கூடவே வந்து எண்ணணும். அவ்ளோதானே?"

"அவ்வளவுதான்."

"நான் வந்தா ஒத்துக்குவாங்களா?"

"ஊழியரா இருக்கக் கூடாது. வேற எதுவும் இல்ல."

"மத்த நாள்ல முடியாது சார். கோர்வைச் சேலை, ஒடம்பும் கரையும் ரெண்டு பேர் சேந்து நெய்யறது. நான் எழுந்தா எதிர்க்க உக்காந்திருக்கறவளும் எழுந்துக்கணும். அமாவாசைக்கு எங்களுக்குத் தறி கெடையாது. அன்னிக்கு வரேன்."

நெசவாளர் தெருக்களில் அமாவாசைதான் ஞாயிற்றுக்கிழமை. அன்று தெரு வேறு சத்தத்தில் இருக்கும். நான் அந்தச் சத்தத்தில் வளர்ந்தவன். இருந்தும் பட்டியல் போட்டபோது அந்த நாள் எனக்கு ஞாபகம் வரவில்லை. பக்கத்து வீட்டின் பெயரும் பட்டியலில் இல்லை.

மறுநாள் காலை மாடிக்குப் போனேன். இருபத்தைந்து.

மாசி அமாவாசை வெள்ளிக்கிழமை வந்தது. அவர் விடியற்காலையிலேயே குளத்துக்குப் போய்த் தகப்பனாருக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு, நெற்றியில் ஈரம் காயாமல் வந்தார். அவர் மனைவி வாசலில் நின்று பேசினார், அவரிடம் பாதி, என்னிடம் பாதி.

"மாசத்துல ஒரு நாள் லீவு. அன்னிக்கும் வெய்யில்ல நடக்கணுமாம். கடைத்தெருவுக்குக் கூப்ட்டா முட்டி வலிக்குதும்பாரு. அண்ணா, பன்னெண்டு மணிக்குள்ள கொண்டாந்து உட்ருங்க. காக்காக்கு வெக்கணும்."

"பதினொன்றரைக்கு வந்துடுவோம்மா."

வழியில் டீக்கடையில் நிறுத்தப் போனேன். வேண்டாம் என்றார். படையல் முடியும்வரை அவர் எதுவும் சாப்பிட மாட்டார். நானும் குடிக்கவில்லை.

பதிவு மேசைப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். வேட்டி, முழுக்கைச் சட்டை, ரப்பர் செருப்பு.

"இவருக்கு ஆட்டம் தெரியுமா சார்?"

"எண்ணத் தெரியும்."

விதித் தாளை எடுத்தாள். மேலிருந்து கீழ்வரை விரலை ஓட்டினாள். "ஆட்டம் தெரிஞ்சிருக்கணும்னு போடல. அப்ப சரி." பென்சிலையும் அட்டையையும் அவரிடம் நீட்டினாள்.

அவர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பென்சிலைத் திருப்பிக் கொடுத்தார். மடியிலிருந்து பச்சை நூல் ஒன்றை எடுத்தார். கழிவுப் பட்டு, நான்கைந்து இழையைச் சேர்த்து முறுக்கியது. "எழுதறதுல என் கை மேல எனக்கு நம்பிக்கை இல்ல சார். ஒரு அடிக்கு ஒரு முடிச்சு. ஒரு குழி முடிஞ்சா ஒரு சாண் விட்டுடறேன்."

முதல் குழி ஆறு. இரண்டாவது ஐந்து. அவர் எனக்குப் பின்னால் பத்தடி தள்ளி வந்தார். கை மட்டும் நூலில் இருந்தது, கண் பந்தில். குழியைச் சுற்றி வெட்டிவிட்ட குட்டைப் புல்லைக் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தார்.

"கஞ்சி போட்ட மாதிரி வெறப்பா இருக்குது."

"அதனாலதான் பந்து வேகமா ஓடுது."

"நானும் முப்பது வருஷமா தறிக் குழியில காலத் தொங்கப் போட்டுக்கினு உக்காந்துக்கினு இருக்கேன். ஒரே குழி. நீங்க காசு குடுத்து ஒம்போது குழிக்கு வந்திருக்கீங்க."

மூன்றாவது, குட்டையானது. நான்கில் முடித்தேன். நான்காவதில் ஓர் அடி வாய்க்காலுக்குள் போய் ஏழு ஆயிற்று. அடித்துவிட்டு நான் பந்து போன திசையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தேன்.

"நட சார். நின்னுக்கினே இருந்தா அது திரும்பி வருமா?"

ஐந்தாவது, ஆறாவது குழிகளில் ஆறாறு அடி. கணக்குப் பார்ப்பதில்லை என்ற விதியை மீறிக் கணக்குப் பார்த்தேன். 34. குழிக்கு ஆறு என்றால் 36. இரண்டு அடி மிச்சம் கையில் இருந்தது. ஆறு குழி முடிவதற்குள் நான் நிறையப் பேசியிருந்தேன். நாளிதழில் எத்தனை பக்கம், யார் தலைப்பு போடுவார்கள், தப்பு வந்தால் என்ன செய்வார்கள் என்றெல்லாம் அவர் கேட்டார். கோல்ஃப் செய்தியைத் தலைகீழாகப் போட்ட கதையைச் சொன்னேன்.

"திட்டினாங்களா?"

"திட்டல. திருத்தத்தை நீயே எழுதுன்னாங்க."

"அது திட்டறத விட மோசமாச்சே" என்றார்.

ஏழாவதில் என் இரண்டாவது அடி ஒரு வேப்பமரத்தின் அடியில் போய் நின்றது. தாழ்ந்த கிளை. திறந்த புல்லுக்குத் திரும்பினால் போதும் என்று எழுதிவைத்தவன் நான். அப்படித்தான் நின்றேன். மட்டையை வீசினேன். மேலே கிளையில் உரசி இலைகள் உதிர்ந்தன. பந்து அங்கேயே இருந்தது. காலைச் சற்று மாற்றி வைத்து, மறுபடி வீசி வெளியே தள்ளினேன். அந்தக் குழி ஏழு. எட்டாவது ஆறு.

ஒன்பதாவது குழிக்கு வந்தபோது என் கணக்கில் 47. ஏழு அடிக்குள் முடித்தால் 54. ஆறாவது அடியில் பந்து குழியிலிருந்து ஐந்தடியில் நின்றது. ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் அந்த நாற்காலிகள் அடுக்கியிருக்கும் நிழல். மாடியையும் டம்ளரையும் நினைத்துக்கொண்டு உருட்டினேன். பந்து குழியின் இடது விளிம்பில் தயங்கி உள்ளே விழுந்தது. டங் என்ற சத்தம் இல்லை. குழிக்குள் இருந்தது பிளாஸ்டிக்.

"உழுந்துடுச்சு" என்றார் அவர். கடைசி முடிச்சைப் போட்டார்.

நிழலில் உட்கார்ந்து நான் என் எண்களை வரிசையாகச் சொன்னேன். அவர் நூலைத் தொடையில் போட்டு ஒவ்வொரு சாணாக விரலால் தள்ளிக்கொண்டு வந்தார். ஆறு. சரி. ஐந்து. சரி. ஏழாவதில் விரல் நின்றது.

"எட்டு இருக்குது சார்."

"ஏழுதானே?"

அவர் மறுபடி எண்ணினார். எட்டு. நான் நூலை வாங்கி எண்ணினேன். எட்டு.

"அந்த மரத்தடியில ஒண்ணு அடிச்சீங்களே. எல கொட்டிச்சே."

"அது பந்துல படலையே."

"படல. ஆனா அடிக்கத்தானே வீசினீங்க?"

பந்தை அடிக்கும் எண்ணத்தோடு வீசினால், பட்டாலும் படாவிட்டாலும் ஓர் அடி. ஆட்டத்தின் விதி அதுதான். அவருக்கு அந்த விதி தெரியாது. எனக்குத் தெரியும். அந்த வீச்சை ஒத்திகை என்று நான் எப்போது முடிவு செய்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். முடிவு செய்த நினைவே இல்லை. காலை மாற்றி வைத்தபோது அது என் கணக்கிலிருந்து போய்விட்டிருந்தது. வீட்டில் குறிப்பேட்டுக்குள் செருகி வைத்திருந்த 53-ஐ நினைத்தேன். அதற்கு முந்தைய 58-ஐயும், 60-ஐயும்.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒரு முடிச்சுதானே சார். நான்தானே போட்டேன். வேணும்னா வெட்டிடறேன்." மடியில் இழை வெட்டும் சின்னக் கத்தி இருந்தது. எடுத்துவிட்டார்.

"வேண்டாம்."

"யாருக்குத் தெரியப் போவுது?"

"வேண்டாம்பா. நீங்க எண்ணினது சரி."

அட்டையில் ஏழாவது கட்டத்தில் 8 என்று எழுதினேன். கூட்டலில் 55. அவர் கீழே தமிழில் நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். பதிவு மேசைப் பெண் கையெழுத்தை முதலில் பார்த்தாள், பிறகு எண்ணை. "கையெழுத்து சரியா இருக்குது சார்" என்றாள். அட்டையை என்னிடம் திருப்பித் தந்தாள்.

பதினொன்று முப்பத்தைந்துக்குத் தெருவுக்குள் நுழைந்தோம். அவர் மனைவி இலையோடு மாடியில் நின்றிருந்தார். காகம் வந்தது. ஒரு மணிக்கு எங்கள் வீட்டுக்கு ஒரு தட்டு வந்தது. வாழைக்காய், இரண்டு வடை, பாயசம். உட்கார்ந்து சாப்பிட்டேன். தட்டைக் கழுவிச் சுவர் மேல் வைத்தேன். பச்சை நூல் என் சட்டைப் பையிலேயே வந்துவிட்டிருந்தது. சுருட்டி டம்ளருக்குள் போட்டேன்.

தட்டை எடுக்க வந்த அடுத்த வீட்டுக்காரர் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார்.

"ஒண்ணுதானே சார் அதிகம். அடுத்த அமாவாசைக்குப் போலாமா?"

"போகலாம்" என்றேன்.

"காலைல சத்தம் நிக்கக் கூடாது. நான் கேட்டுக்கினே இருப்பேன்."

உள்ளே வந்து தினசரி நாட்காட்டியின் தாள்களைத் தூக்கிப் பார்த்தேன். அமாவாசைக்குப் போடும் கறுப்பு வட்டம் முப்பதாவது தாளில் இருந்தது. அந்தத் தாள் சிவப்பில் அச்சாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை. குழுவைத் தவிர வேறு யாரும் மைதானத்தில் நடக்க முடியாத நாள்.